காலையில் விட்ட கார், இரவு வரை: வாசகர் கேள்வி – பதில்

மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் வேலைக்குப் போகிறவர்கள், நிலையத்தருகே காரை நாள் முழுவதும் எங்கே, எப்படி விட்டுச் செல்வது என்று கேட்டு எழுதிய கடிதங்கள் சில வாரங்களாகவே சேர்ந்திருந்தன. அவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இதழின் பகுதி முழுவதையும் இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு நுங்கம்பாக்கத்தில் வேலை. ஊரப்பாக்கம் ரயில் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி வீடு. காலையில் ஷேர் ஆட்டோ கிடைக்கிறது, இரவில் கிடைப்பதில்லை என்பதால் காரிலேயே நிலையத்துக்கு வருகிறேன். காலை 7.10-க்கு நிறுத்தினால் திரும்ப எடுக்க இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. இப்போது நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மரத்தடியில் நிறுத்துகிறேன். நிலையத்து ஸ்டாண்டில் இடம் இருக்கிறது, ஆனால் ஹேண்ட் பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டுப் போகச் சொல்கிறார்கள். அருகே ஒருவர் தன் காலி மனையில் மாத வாடகைக்கு இடம் தருவதாகச் சொல்கிறார். மூன்றில் எது பாதுகாப்பு? – ஊரப்பாக்கம் வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நீங்கள் கூட்டிப் பார்க்காமல் விட்ட ஒரு கணக்கு இருக்கிறது. காலை 7.10 முதல் இரவு 8 மணி வரை என்றால் பன்னிரண்டு மணி ஐம்பது நிமிடம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 127, பொது இடத்தில் ஒரு வாகனம் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்டிருந்தால் அதை இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ சீருடையில் உள்ள காவல் அதிகாரி அனுமதி அளிக்கலாம் என்கிறது. இழுத்துச் செல்லும் செலவும் அபராதத்துக்கு மேல் உரிமையாளரையே சேரும். நிறுத்தத் தடை உள்ள இடமென்றால் இந்தப் பத்து மணி நேர அவகாசமும் கிடையாது. எல்லாத் தெருவிலும் எல்லா நாளும் இதைச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரயிலேறி வேலைக்குப் போகிற எவரும் தெருவில் விட்ட கார் ஒவ்வொரு நாளும் இந்த எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறது. அந்தக் கார் அங்கே இருப்பதற்கு உங்களுக்கு உரிமை எதுவும் இல்லை, அதற்கு நேர்வதைப் பற்றிக் கேட்க ஆளும் இல்லை. அதனால் மரத்தடியை விட்டுவிடுங்கள். நிழலுக்காக அங்கே நிறுத்துகிறீர்கள் என்பது புரிகிறது. ஆடி மாதக் காற்றில் முறிகிற கிளைக்கும் அதே மரம்தான் காரணம்.

மற்ற இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை வாடகையை வைத்தோ தூரத்தை வைத்தோ முடிவு செய்ய வேண்டாம். இந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு யார் பதில் சொல்வார், அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதற்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் பாருங்கள்.

நிலையத்து ஸ்டாண்டு ரயில்வே நிர்வாகம் ஒப்பந்தத்துக்கு விட்ட இடம். அங்கே கட்டணப் பலகை இருக்கும், டோக்கனோ ரசீதோ தருவார்கள், குறை இருந்தால் ரயில்வேயின் 139 எண்ணில் புகார் பதிவு செய்யலாம். பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது அங்கே எழுத்தில் இருக்கிறது. உங்களைத் தயங்க வைப்பது நியூட்ரல் விஷயம். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஸ்டாண்டுகளில் இருசக்கர வாகனங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சிய இடத்தில்தான் கார்களை அடுக்குகிறார்கள். ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் வண்டிகளில் உள்ளே இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் முன்னால் நிற்பதைத் தள்ளியாக வேண்டும். தள்ளுகிற கை பம்பரிலா, பின்விளக்கிலா, எங்கே படுகிறது என்பதைப் பார்க்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். சற்றே சரிவான தரையென்றால் நியூட்ரலில் நிற்கும் வண்டி தானே உருளவும் கூடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியையும் மின்னணு ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியையும் இப்படி விட்டுச் செல்வது பெரும்பாலும் நடக்காத காரியம். எனவே மாதப் பாஸ் எடுக்கும்போதே, தினமும் இதே நேரத்துக்கு வந்து இதே நேரத்துக்கு எடுப்பவர் நீங்கள் என்பதைச் சொல்லி, சுவரை ஒட்டிய உள்வரிசையில் இடம் கேளுங்கள். இரவு எட்டு மணிக்கு எடுப்பவரின் கார் உள்ளே நிற்பதுதான் ஸ்டாண்டுக்காரருக்கும் வசதி. உள்வரிசை வண்டியை யாரும் தள்ள வேண்டியதில்லை. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கேட்காததால்தான் பலருடைய வண்டி நடுவரிசையில் நிற்கிறது.

காலி மனையை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. சுற்றுச்சுவரும் பூட்டுகிற கதவும் இருந்து, அங்கேயே குடியிருக்கும் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் அது ஸ்டாண்டைவிட நல்ல இடமாகவும் இருக்கலாம். ஆனால் மாத வாடகைக்கு ரசீது வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில், வண்டி எண்ணும் நிறுத்தும் நேரமும் வாடகையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். கையெழுத்திட மனை உரிமையாளர் தயங்கினால், ஏதாவது நேர்ந்த பிறகும் தயங்குவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் அந்த மனையில் கால் வைத்துப் பார்ப்பதும் அவசியம். களிமண் தரையில் சக்கரம் புதைந்தால் இரவு எட்டு மணிக்குத் தள்ளிவிட யாரும் வர மாட்டார்கள்.

எந்த இடமானாலும் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒருநாள் இரவு எட்டரை மணிக்கு, வீட்டில் இருப்பவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, நடைமேடையிலிருந்து அந்த இடம் வரை நடந்து பாருங்கள். நடைமேம்பாலத்தின் இறக்கத்தில் விளக்கு எரிகிறதா, கடைகள் எத்தனை மணி வரை திறந்திருக்கின்றன, ஸ்டாண்டில் அந்த நேரத்துக்கு ஆள் இருக்கிறாரா, அல்லது ஏழு மணிக்கே நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். காலையில் பின்னோக்கி எடுத்து, முகப்பு வெளியே பார்க்கும்படி நிறுத்திவிடுங்கள். இரவில் சாவியைப் பைக்குள் துழாவாமல் கையில் வைத்துக்கொண்டு, ஏறுமுன் பின் இருக்கையை ஒருமுறை பார்த்து, ஏறியதும் கதவுகளைப் பூட்டி, உடனே புறப்படுவதற்கு அது உதவும்.

ரசீதைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் ஒரு நிலையத்து நிறுத்துமிடத்தில் கார் விட்டுச் சென்றவன் நான். ஒரு சித்திரை மாத மாலையில் வந்து பார்த்தபோது பின்விளக்கு ஒன்று உடைந்து, சிவப்புத் துண்டுகள் சக்கரத்தின் அடியில் கிடந்தன. ‘காலையிலேயே இப்படித்தான் வந்தது’ என்றார் அங்கிருந்தவர். காலையில் வாங்கிய ரசீதை, வெளியிலிருந்து தெரியட்டும் என்று கண்ணாடிக்குப் பின்னால் டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தேன். எடுத்துப் பார்த்தால் தாள் முழுவதும் கறுத்துப்போயிருந்தது. எண் இல்லை, தேதி இல்லை, ஒரு எழுத்தும் இல்லை. கைக்கருவியில் அச்சாகி வரும் இந்த ரசீதுகள் சூடு பட்டால் கறுக்கிற தாளில் வருபவை. வெயிலில் மூடி நிற்கும் காரின் டாஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டுவது நம் ஊரில் சாதாரணம். விளக்கை என் செலவில்தான் மாற்றினேன். அன்றிலிருந்து ரசீதை வாங்கியதும் கைப்பேசியில் ஒரு படம், காரின் நான்கு பக்கமும் நான்கு படம், பக்கத்துத் தூணோ சுவரோ தெரிய எடுத்துவிட்டுத்தான் ரயிலேறினேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. நீங்களும் நாள்தோறும் எடுங்கள். பழைய படங்களை வாரம் ஒருமுறை அழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: டோக்கனின் பின்பக்கம் ‘வாகனங்கள் உரிமையாளரின் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகின்றன’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். கார் திருடு போனால் அவர்கள் கையை விரித்துவிடலாமா? நாம் யாரிடம் போவது? – ஆவடி வாசகர்

பதில்: அந்த ஒரு வரியை அச்சிட்டுவிட்டதாலேயே எல்லாப் பொறுப்பும் தீர்ந்துவிடாது. இதில் முக்கியமானது சாவி யார் கையில் இருந்தது என்பது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு இன்னொருவரிடம் ஒப்படைப்பதைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. ஒப்படைக்கப்பட்டவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும் என்கிறது அதன் 151-ஆவது பிரிவு. டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியின் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன மாருதி ஜென் கார் 1998-இல் திருடு போனது. விடுதி தந்த நிறுத்துமிடச் சீட்டில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்றுதான் அச்சிட்டிருந்தது. அந்த வழக்கில் 2019 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சாவியை வாங்கி வண்டியைத் தன் வசம் வைத்துக்கொண்ட விடுதி, தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்பதைக் காட்டாமல் அந்த வரியைச் சொல்லித் தப்ப முடியாது என்றது.

ஆனால் நீங்களே நிறுத்தி, நீங்களே பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போகிற நிறுத்துமிடத்தில் நிலைமை வேறு. அங்கே அவர்கள் இடத்தை மட்டுமே வாடகைக்குத் தந்தோம் என்று வாதாடுவார்கள். டோக்கனைத் திரும்ப வாங்காமல் எந்த வண்டியையும் வெளியே விடக் கூடாது என்ற நடைமுறை அங்கே இருந்து, அதை அவர்கள் மீறியிருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். அப்படி எதுவும் இல்லாத திறந்த வெளி என்றால் வலு குறைவு. இப்படியெல்லாம் சொல்வதால், பொறுப்பு அவர்களுக்கு வரட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். விடுதிக்கு இருக்கும் முகவரியும் நிர்வாகமும் ஸ்டாண்டில் மாறி மாறி வேலை செய்யும் பையன்களிடம் இல்லை. வழக்கில் வெல்வதைவிடக் கார் இருப்பது மேல்.

உண்மையில் உங்களைக் காப்பது காப்பீடுதான். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீடு வேண்டும். திருட்டுக்கு இழப்பீடு கேட்கும்போது நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும். மாற்றுச் சாவியைக் காரின் உள்ளேயே டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இன்றே எடுத்து வீட்டுப் பீரோவில் வையுங்கள். அசல் ஆர்.சி. புத்தகமும் காரில் இருக்க வேண்டியதில்லை, டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டினால் செல்லும். மடிக்கணினி, பை போன்றவை திருடு போனால் கார்க் காப்பீடு சாதாரணமாக அவற்றுக்குப் பணம் தராது. அதற்கென்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. பையை டிக்கியில் வைப்பதென்றால் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள். நிறுத்துமிடத்தில் வந்து நின்று டிக்கியைத் திறந்து பையை வைப்பதை, சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள்.

திருடு போனது தெரிந்ததும் அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிவிடுங்கள். நிலைய வளாகம் என்றால் இருப்புப்பாதைக் காவல் நிலையத்துக்குப் போங்கள் என்று ஊர்க் காவல் நிலையத்திலும், வெளித்தெரு என்றால் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போங்கள் என்று இருப்புப்பாதைக் காவல் நிலையத்திலும் அலைக்கழிக்கும் வழக்கம் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் சொல்லிவிட வேண்டும். காவல் துறையில் உடனே புகார் கொடுத்திருக்கும்போது, நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டுமே காரணமாக வைத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது என்றாலும், அந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடும் நிலை உங்களுக்கு வர வேண்டாம். நிறுத்துமிடத்தின் மீது நுகர்வோர் புகார் கொடுக்க விரும்பினால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தொடங்கலாம்; அதற்கும் டோக்கனின் படம் வேண்டும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலையில் வெயிலடிக்கிறது என்று காரை நிலையத்தில் விட்டுப் போனால், மாலையில் சக்கரம் மூழ்கத் தண்ணீர் நிற்கிறது. என்ன செய்வது? – முடிச்சூர் வாசகர்

பதில்: முடிச்சூர்க்காரருக்கு 2015 டிசம்பரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் வரிசையாகக் கார்கள் நின்றதை எல்லாரும் பார்த்தோம். அந்தக் கார்களின் உரிமையாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மேடான இடம் வேறு எங்கும் அவர்களுக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்துக்கு முன்பே, நிலையத்தைச் சுற்றி எது மேடு என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய வெள்ளத்தின் அடையாளம் சுற்றுச்சுவர்களில் பழுப்புக் கோடாக இன்னும் இருக்கும். அங்குள்ள டீக்கடைக்காரரைக் கேட்டால் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதையும் சொல்வார். சுரங்கப்பாதைக்கு அருகிலும் மழைநீர்க் கால்வாய்க்கு ஓரத்திலும் உள்ள இடங்களை மழைக்காலம் முடியும் வரை விட்டுவிட வேண்டும். பல அடுக்கு நிறுத்துமிடம் இருக்கும் நிலையமாக இருந்தால் தரைக்குக் கீழே உள்ள தளத்தில் இடம் காலியாக இருந்தாலும் மேல் தளத்துக்குப் போங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, காலையில் ஷேர் ஆட்டோவில் போய், இரவில் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு வாடகைக் காரில் வருவது மிகக் குறைந்த செலவு.

அதையும் மீறி மாலையில் வந்து பார்க்கும்போது கார் தண்ணீரில் நின்றால், இதை மட்டும் மறக்காதீர்கள்: சாவியைத் திருப்பாதீர்கள், பொத்தானை அழுத்தாதீர்கள். காற்று போகும் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், நின்றபடி இருக்கும் வரை அதைச் சுத்தம் செய்துவிட முடியும். ஓட்ட முயன்ற அந்த ஒரு கணத்தில்தான், அழுத்த முடியாத தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப்போய், கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போய்விடுகிறது. தண்ணீரில் நின்ற எஞ்சினை ஓட்ட முயன்றதால் வந்த சேதம் என்று சொல்லிச் சாதாரண முழுக் காப்பீட்டில் நிறுவனங்கள் இதை மறுக்கின்றன. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை, தாழ்வான பகுதியில் இருக்கும் நீங்கள் அவசியம் சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரின் மட்டம் தெரியப் படமெடுத்துவிட்டு, இழுவை வண்டியை அழையுங்கள்.

கேள்வி: நாங்கள் மெட்ரோ நிலையத்துக்கு அருகே குடியிருக்கிறோம். காலை எட்டு மணிக்குள் எங்கள் கேட்டை அடைத்து யாரோ காரை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். என் மாமியாருக்கு எண்பத்து நான்கு வயது. போன மாதம் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. – நங்கநல்லூர் வாசகி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் வருந்தினேன் அம்மா. வீட்டு வாசலையும் நடைபாதையையும் அடைத்து நிறுத்துவதும், பேருந்து நிறுத்தத்திலும் சந்திப்பை ஒட்டியும் நிறுத்துவதும் ஓட்டுநர்களுக்கான விதிகளின்படியே தவறு. அவசரமென்றால் 112-ஐ அழையுங்கள். அன்றாடத் தொல்லைக்கு, வண்டி எண்ணும் உங்கள் கேட்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, தேதியோடு போக்குவரத்துக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். ஒரே வாகனம் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தால் நடவடிக்கை எடுப்பது அவர்களுக்கு எளிது. தெருவாசிகள் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டு, ஒரு பக்கம் மட்டும் நிறுத்தலாம் என்ற பலகையைக் கேட்பதும் நல்லது.

ரயிலேறுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மூடியிருக்கிற கேட் யாரும் புழங்காத கேட் இல்லை. பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் நிலையத்தின் நிறுத்துமிடத்திலேயே இடம் கிடைக்கும். கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு முதியவரின் வாசலை அடைக்காதீர்கள்.

கேள்வி: மதுரைக்கு ஐந்து நாள் போகிறோம். தாம்பரத்தில் ரயிலேறுகிறோம். தினமும் நிறுத்தும் இடத்திலேயே காரை விட்டுச் செல்லலாமா? – செங்கல்பட்டு வாசகர்

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. நாள் பாஸ் ஐந்து நாளுக்குச் செல்லாது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கட்டணம் ஏறிக்கொண்டே போகும், ஆள் மாறும்போது உங்கள் வண்டியைக் கேட்பாரற்றதாக நினைக்கவும் கூடும். செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலே இருக்கிறது. பெட்டி கனமென்றால் வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள். விட்டே ஆக வேண்டுமென்றால், திரும்பி வரும் தேதியையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் முதல் கியரில் போட்டுவிட்டுப் போங்கள்.